ஹெபுதே வீட்டு விருந்தாளிகள்

சீட்டு ஹெபுதே வீட்டுக்கு விழுந்தது.

ஹெபுதே மண்ணுக்குள் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒமிருங்கா ஊர்ப் பதிவேட்டில் அது இன்னும் ஒரே வீடுதான். நேரில் பார்த்தால் இரண்டு. நடுவே ஆட்டுப்பட்டி, பட்டிக்குக் கிழக்கே மூத்த மனைவி கவேசெரியின் மண்வீடு, மேற்கே இளைய மனைவி சம்பிருவின் மண்வீடு. இரண்டு வாசலிலும் தனித்தனி அடுப்பு. ஒரே பட்டியில் பால் கறந்தார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். பேச வேண்டியதை மட்டும் ஆடுகளிடம் பேசினார்கள். "யாரோ பட்டிக் கதவைச் சரியாச் சாத்தல போல" என்று கவேசெரி கிடாவிடம் சொல்வாள். "காத்து தள்ளியிருக்கும், உனக்குத் தெரியாதா?" என்று சம்பிரு குட்டியிடம் சொல்வாள். ஊர் இதற்குப் பழகிப் போயிருந்தது.

ஆற்றின் அக்கரையில் புது சஃபாரி முகாம் எழும்பியிருந்தது. ஆறு கூடாரம், ஒரு சமையல் கொட்டகை, சாப்பாட்டுக்குப் பெரிய மரத்தளம். அடுத்த மாதம் வெளிநாட்டுக்காரர்கள் வரப் போகிறார்கள். வேலைக்குச் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒமிருங்கா ஊர்க்காரர்கள். விருந்தாளியின் முன் தட்டு வைத்துப் பழக்கமில்லாதவர்கள். மேனேஜர் ஜொஹன்னா நுசெஸ் தெற்கிலிருந்து வந்தவள், டமாரா இனத்துப் பெண், நாற்பது வயது, எதையும் ஒத்திகை பார்க்காமல் விடமாட்டாள். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"எனக்கு ரெண்டு பேர் வேணும். ரெண்டு ராத்திரி தங்கணும். சாப்பிடணும், குளிக்கணும், வண்டியில போய் யானை பாக்கணும். நிஜமான விருந்தாளி மாதிரி குறை சொல்லணும்."

"குறை சொல்றதுக்கு எங்க ஊர்ல பஞ்சமே இல்ல" என்றது கூட்டம்.

அப்படித்தான் சீட்டுப் போட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு. ஹெபுதேயின் பெயரை வாசித்ததும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, அடங்கி, மறுபடியும் கிளம்பியது. கவேசெரி தலைப்பாகையைச் சரி செய்துகொண்டாள். மாட்டுக்கொம்பு போல இருபக்கமும் நீண்ட அந்தத் துணித் தலைப்பாகை அசைந்தால் அவள் யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

"நான் போறேன்" என்றாள், பக்கத்தில் நின்ற வேலிக்கம்பைப் பார்த்து. "வர்றவங்க வரட்டும்."

"நானும் போறேன்" என்றாள் சம்பிரு, இன்னொரு கம்பைப் பார்த்து.

*

நடந்தால் அரைமணி நேரம்கூட ஆகாத அந்த இடத்துக்கு அவர்களை வண்டியில் ஏற்றிப் போனார்கள். ஒத்திகை ஒத்திகைதான். ஓட்டியவன் கபோய், கவேசெரியின் தங்கை மகன், முப்பத்திரண்டு வயது. பச்சைச் சட்டை, மார்பில் பெயர்ப் பட்டை.

"வணக்கம் மேடம். என் பேரு கபோய். நான்தான் உங்க வழிகாட்டி. முதல் தடவையா எங்க நாட்டுக்கு வர்றீங்களா?"

"உன் குண்டியை நான் கழுவியிருக்கேன்டா" என்றாள் கவேசெரி.

"பெரியம்மா, தயவுசெஞ்சு. ஜொஹன்னா பாத்துட்டு இருக்காங்க."

"முதல் தடவைதான்" என்று பின்னாலிருந்து சம்பிரு சொன்னாள். "ரொம்ப நாளா வரணும்னு இருந்தோம்."

கவேசெரிக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

வண்டி மணலில் இறங்கியது. அது ஆறு என்று சொன்னால் புதியவர் நம்பமாட்டார். முந்நூறு அடி அகலத்துக்கு வெளுத்த மணல், கரையோரம் ‘ஆனா’ என்று ஊர் சொல்லும் பெரிய முள்மரங்கள், அவற்றின் கீழே சுருண்டு கிடக்கும் ஆரஞ்சு நிறக் காய்கள். இரண்டு வருடமாகத் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் ஊரில் யாரும் அதை மணல் என்று சொன்னதில்லை. ஆறு என்றே சொன்னார்கள். தூங்குகிறவரை யாரும் பிணம் என்று சொல்வதில்லையே.

முகாமில் ஈரத்துண்டு கொடுத்தார்கள். இஞ்சி போட்ட குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். கொடுத்த பெண் சாற்றில் கொஞ்சத்தைத் தட்டிலேயே சிந்தினாள். அவள் போன வாரம்தான் கவேசெரியிடம் ஆட்டுப்பால் கடன் கேட்டுப் போனவள். கூடாரத்தைத் திறந்து காட்டியபோது ஜொஹன்னா ஒரு கணம் தயங்கினாள். உள்ளே இருந்தது ஒரே கட்டில். வெள்ளை விரிப்பு, எட்டுத் தலையணை.

"தனித்தனிக் கட்டில் இன்னும் வந்து சேரல" என்றாள். "இதைக் குறையா எழுதிக்கலாம்."

"எட்டுத் தலை எங்கே இருக்கு எங்களுக்கு?" என்றாள் கவேசெரி.

சம்பிரு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா இருமினாளா என்று தெரியவில்லை.

கூடாரத்துக்குப் பின்னால், கூரையில்லாத நாணல் தட்டிக்குள், ஒரு வெள்ளைத் தொட்டி இருந்தது. அதில் யாரோ வெந்நீர் நிரப்பி வைத்திருந்தார்கள். கவேசெரி அதன் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். இருபது ஆடுகள் இரண்டு நாள் குடிக்கிற தண்ணீர். அதில் ஒரு துண்டு வானமும் ஆனா மரத்தின் ஒரு கிளையும் கிடந்து ஆடின. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருந்த ஐந்து பாவாடைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டியில் மாட்டிவிட்டு, உள்ளே இறங்கினாள்.

உடம்பு எடையில்லாமல் போனது. ஐம்பத்தெட்டு வருடமாக இந்த முழங்கால்கள் அவளைச் சுமந்திருந்தன. இப்போது அவற்றை வேறு யாரோ வாங்கிக்கொண்டது போல இருந்தது. காது தண்ணீருக்குள் அமிழ்ந்ததும் உலகம் தன் சத்தத்தைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தது. ஒரு புறா கூவியது, அது நேற்றுக் கூவியது போலக் கேட்டது. கண்ணை மூடினாள். திறந்தபோது தட்டியின் நிழல் இடம் மாறியிருந்தது, தண்ணீர் ஆறியிருந்தது.

கூடாரத்துக்கு வந்தால், சம்பிரு கட்டிலின் ஒரு ஓரத்தில், செருப்பு கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். கவேசெரி வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெயில் வெள்ளையாக நின்றது. கூடாரத்துணி காற்றில் உப்பி, தணிந்து, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மணலாற்றுக்கு அப்பால், கானல் நடுக்கத்துக்குள், இரண்டு சின்ன மண்வீடுகள். நடுவே ஒரு முள்வேலி வட்டம்.

தன் வீட்டை இந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அகலப் பாவாடை கட்டிய ஒரு பெண் கிழக்கு வீட்டிலிருந்து வந்து, பட்டிக் கதவைத் திறந்து, ஆடுகளை நிழலுக்கு ஓட்டினாள். கவேசெரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது நான்தானே என்று நினைத்தாள். நான் அங்கேதான் இருக்கிறேன், அப்படியானால் இங்கே நாற்காலியில் இருப்பது யார்? பிறகு அந்தப் பெண் ஒரு காலை இழுத்து நடப்பது தெரிந்தது. ஆடுகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பக்கத்து வீட்டு ருடால்ஃபினா. ஆனாலும் அந்த நினைப்பு முழுதாகப் போய்விடவில்லை. சாயங்காலம்வரை அவள் பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாக இருந்தாள்.

*

நான்கு மணிக்குக் கபோய் வண்டியைக் கொண்டுவந்தான். ஆற்று மணலிலேயே மேலே போனார்கள். கரையோரம் ஒரு ஒட்டகச்சிவிங்கி நின்று அவர்களைப் பார்த்துவிட்டு, பார்க்கத் தகுந்ததாக எதுவும் இல்லை என்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டது. வளைவு தாண்டியதும் யானைகள். ஐந்து.

கபோய் வண்டியை நிறுத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், இது பாலைவன யானை. மத்த யானையைவிடக் கால் நீளம் மாதிரி தெரியும். தண்ணியில்லாம மூணு நாள் தாங்கும். இந்தப் பெரிய பெண்யானை பேரு…"

"தொட்டி உடைச்சவ" என்றாள் கவேசெரி. "போன வருஷம் இவ எங்க தண்ணித் தொட்டியை உடைச்சப்போ நீ எந்த மரத்துல இருந்தே, சொல்லவா?"

"மேடம், விருந்தாளிங்க அப்படிப் பேசமாட்டாங்க."

"விருந்தாளிங்க வீட்டுத் தொட்டியை யாரு உடைச்சா?"

கபோய் பெருமூச்சு விட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினான். அதுதான் நல்லதாகப் போயிற்று. பேச்சு நின்றதும் யானைகளின் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. மணலில் பாதம் அமுங்குவது, காது விசிறுவது, வயிற்றுக்குள் எங்கோ உருளும் ஒரு தாழ்ந்த முணுமுணுப்பு. பெரியவள் ஆனா மரத்தின் அடிமரத்தில் நெற்றியை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். காய்கள் மழைபோல உதிர்ந்தன. குட்டி ஓடிவந்து பொறுக்கியது. தாய் தனக்கு ஒன்றுகூட எடுக்காமல், இன்னும் ஒரு தள்ளு தள்ளினாள்.

கவேசெரி யானைகளைப் பார்த்திருக்கிறாள். தகரத்தைத் தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு. சும்மா உட்கார்ந்து, கையில் எதுவும் இல்லாமல், அவை பாட்டுக்கு அவை இருக்க, ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சாயும் வெயிலில் அவற்றின் முதுகுத் தூசி பொன்னாக எழுந்து எழுந்து அமர்ந்தது.

"அழகாத்தான் இருக்கா பாவி" என்றாள்.

"ஆமா" என்றாள் சம்பிரு.

இருவரும் ஆட்டிடம் பேசவில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவர்களுக்கே உறைத்தது.

*

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஆற்று மணலில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். மடக்கு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, வறுத்த ஆட்டிறைச்சித் துண்டுகள். ஜொஹன்னா தானே பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இது முக்கியமான ஒத்திகை" என்றாள். "இங்க வர்ற விருந்தாளிங்க ஒருத்தரையொருத்தர் தெரியாதவங்களா இருப்பாங்க. சேர்ந்து உக்காந்து பேசுவாங்க. நீங்களும் அப்படித்தான். இப்பத்தான் முதல்ல பாக்கறீங்க. சரியா? மேடம், நீங்க எந்த நாடு?"

கவேசெரி யோசித்தாள். "ஜெர்மனி மட்டும் வேண்டாம், அவங்க ஒருதடவை வந்து எங்களை ஆண்டதே போதும்" என்றாள். ஜொஹன்னா சிரித்துவிட்டாள். "பனி விழற ஊர் ஏதாவது ஒண்ணு எழுதிக்கோ."

"நீங்க?"

"கடல் பக்கத்துல இருந்து வர்றேன்" என்றாள் சம்பிரு. "எங்க வீட்டு ஜன்னலைத் திறந்தா அலை தெரியும்."

அவள் கடலைப் பார்த்ததே இல்லை என்பது கவேசெரிக்குத் தெரியும். மேற்கே ஒரு நாள் வண்டிப் பயணத்தில் கடல் இருந்தது. காலையில் அங்கிருந்துதான் மூடுபனி வரும். ஆனால் அவள் சொன்ன விதத்தில் அந்த ஜன்னல் நிஜமாகத் திறந்து மூடியது.

சமையல் கொட்டகையில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. ஜொஹன்னா எழுந்து ஓடினாள். கபோய் வண்டியைத் துடைக்கப் போனான். இரண்டு பேர் மட்டும் மணலில் இருந்தார்கள். எழுந்து போயிருக்கலாம். யாரும் எழவில்லை. வானம் கிழக்கே கருநீலமாகவும் மேற்கே பழுத்த மாதுளையாகவும் இருந்தது. கிழக்கு மலைகளுக்கு அப்பால், வெகுதூரத்தில், சத்தமில்லாமல் மின்னல் வெட்டி வெட்டி மறைந்தது.

"பனி ரொம்ப விழுமோ உங்க ஊர்ல?" என்றாள் சம்பிரு.

கவேசெரி அவளைப் பார்த்தாள். முகத்தில் கேலி இல்லை.

"முழங்கால் அளவுக்கு" என்றாள். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு. அவர் இப்ப இல்ல."

"ஐயோ. எனக்கும் அப்படித்தான்."

"நல்லவரா இருந்தாரா?"

"நல்லவர்தான். குறட்டை விடுவார். கோபம் வந்தா சாப்பிடாம மாடு மேய்க்கப் போயிடுவார். அவருக்கு இன்னொரு மனைவி இருந்தா."

சம்பிரு கோப்பையை மணலில் வைத்தாள். "அவ எப்படி?"

"அவளா?" கவேசெரி மின்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சின்னப் பொண்ணா வந்தா. நடக்கும்போது பாடுவா. எனக்கு எரியும். அவ பாட்டை நிறுத்தினா அதைவிட எரியும். என்னைவிட நல்லா பால் கறப்பா, ஒருநாளும் அதை நான் சொன்னதில்ல."

சம்பிரு செருப்பு நுனியால் மணலில் ஒரு கோடு இழுத்தாள்.

"எங்க வீட்லயும் ஒரு மூத்தவங்க இருந்தாங்க" என்றாள் சம்பிரு. "முதல் பிள்ளை எனக்குத் தங்காம போனப்போ, யார்கிட்டயும் எதுவும் சொல்லாம, நாற்பது நாள் என் வாசல்ல வெந்நீர் வச்சுட்டுப் போவாங்க. வச்சது நான்தான்னு ஒருதடவைகூடச் சொல்லல. நானும் நன்றி சொல்லல. சின்னப் பிள்ளைத்தனம்."

"அவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பனி விழற ஊர்க்காரி."

சம்பிரு சிரித்தாள். இந்தமுறை சிரிப்பேதான். கவேசெரிக்கு ஒரு கேள்வி நாக்குவரை வந்தது. நான்கு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. ஹெபுதே செத்தது மேலே, மேய்ச்சலுக்குப் போனால் தங்கும் மாட்டுத் தாவளத்தில். அப்போது அவருடன் இருந்தவள் சம்பிரு. செய்தி வந்து கவேசெரி போய்ச் சேர்வதற்குள் ஒன்றரை நாள். அவள் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். அன்றிலிருந்துதான் பேச்சு நின்றது. அவர் கடைசியாகச் சொன்னதை இவள் தன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கவேசெரி நம்பினாள். அது சம்பிருவின் பெயராகத்தான் இருக்கும் என்றும் நம்பினாள்.

"உங்க வீட்டுக்காரர்" என்றாள், பதறாத குரலில், "போகும்போது ஏதாவது சொன்னாரா?"

சம்பிரு மின்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொன்னார். புள்ளி மாடு தண்ணி குடிச்சுதான்னு கேட்டார்."

"என்னது?"

"புள்ளி மாடு. ரெண்டு தடவை கேட்டார். குடிச்சிருச்சுன்னு சொன்னேன். சரின்னுட்டு கண்ணை மூடினார். என் பேரும் சொல்லல, மூத்தவங்க பேரும் சொல்லல." அவள் குரல் தாழ்ந்தது. "அவங்க ஒன்றரை நாள் நடந்து வந்து நின்னாங்க. முகத்தைப் பாத்தேன். அந்த முகத்துக்கிட்டப் போய் மாட்டைப் பத்திக் கேட்டார்னு எப்படிச் சொல்றது? ஏதாவது நல்லதாச் சோடிச்சுச் சொல்லலாம்னு நினைச்சேன். வாய் வரல. அவங்களும் கேக்கல."

அழுகை வருகிறது என்று நினைத்துக் கவேசெரி தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்தது சிரிப்பு.

"புள்ளி மாடா!" என்றாள். "அந்த நொண்டி மாடா! பால்கூடக் கறக்காதே அது!"

"அதேதான்!"

"நாசமாப் போக!"

அவர்கள் சிரித்த சத்தத்தில் கபோய் துணியும் கையுமாக ஓடிவந்தான். மணலில் இரண்டு பெரிய பெண்கள் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, கண்ணில் நீர் வழிய, ஒருத்தி முழங்காலில் ஒருத்தி அடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

"மேடம், ஏதாவது குறையா?"

"ஒரு குறையும் இல்ல, போடா" என்றார்கள் இருவரும்.

சிரிப்பு ஓய்ந்து, முதல் நட்சத்திரம் வந்த பிறகு, சம்பிரு இன்னொன்றும் சொன்னாள். இன்னமும் கடல் பக்கத்துப் பெண்ணின் குரலில்தான்.

"அடுத்த மாசம் ஊரை விட்டுப் போறேன். என் அண்ணன் லாரி அனுப்பறான். ஒபுவோ டவுன்ல அவனோட இருக்கப் போறேன். அந்த மூத்தவங்ககிட்ட இன்னும் சொல்லல."

பனி விழும் ஊர்க்காரி என்ன சொல்வாள்? நல்லபடியாகப் போய் வாருங்கள் என்பாள். கவேசெரியும் அதைத்தான் சொன்னாள். அன்று இரவு எட்டுத் தலையணையை நடுவே வேலிபோல அடுக்கிக்கொண்டு படுத்தார்கள். உடனே தூங்கிப் போனார்கள்.

*

காலையில் உலகம் இல்லை. மூடுபனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. கூடார வாசலில் நின்றால் தன் கை தெரிந்தது, அதற்கு மேல் வெள்ளை. கவேசெரி மரத்தளத்துக்கு நடந்தது மேகத்துக்குள் நடந்தது போல இருந்தது. தலைப்பாகையின் ஓரத்தில் நீர்த்துளிகள் கோத்து நின்றன. கபோய் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யானை எல்லாம் ராத்திரியே மேட்டுக்கு ஏறிடுச்சு பெரியம்மா" என்றான். ஒத்திகையை மறந்திருந்தான். "மணல்ல ஒண்ணுகூட இல்ல."

அப்போது அந்தச் சத்தம் வந்தது. முதலில் காற்று என்று நினைத்தார்கள். பிறகு மேலே எங்கோ ஒரு பெரிய மந்தை காய்ந்த இலைகள்மேல் நடந்து வருவது போல. சமையல்காரர்கள் வெளியே வந்தார்கள். ஜொஹன்னா நைட்டியோடு ஓடிவந்தாள். சம்பிரு கவேசெரியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

பனிக்குள்ளிருந்து ஆறு வந்தது.

அலையாக வரவில்லை. ஒரு பழுப்பு நாக்கு, கணுக்கால் உயரம், முன்னால் நுரையும் குச்சியும் சாணியும் உருண்டு வர, மணலை முகர்ந்து முகர்ந்து, வளைந்து வளைந்து வந்தது. பள்ளம் கண்டால் நின்று நிரப்பியது. நிரம்பியதும் நகர்ந்தது. நேற்று நாற்காலி போட்டிருந்த இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அதற்குப் பின்னால் இன்னொரு நாக்கு, அதற்கும் பின்னால் இன்னொன்று. பிறகு நாக்குகள் இல்லை, ஒரே பரப்பு, ஒரே இரைச்சல். வேரோடு வந்த ஒரு மரம் மெல்லச் சுழன்றபடி பனியிலிருந்து தோன்றிப் பனிக்குள் போனது.

சம்பிரு பாட ஆரம்பித்தாள். சின்னதாக, வாய்க்குள்ளேயே. ஆறு வந்தால் ஊரில் பெண்கள் பாடுவது அது. கவேசெரியும் சேர்ந்துகொண்டாள். தட்டு ஏந்தத் தெரியாமல் சாற்றைச் சிந்திய பெண்ணும் சேர்ந்துகொண்டாள். ஜொஹன்னாவுக்கு வார்த்தை தெரியாது; கையைத் தட்டினாள்.

பனி விலகியபோது இரண்டு கரைக்கும் நடுவே ஆற்றுநீர் வெயிலில் மின்னியபடி ஓடியது. அக்கரையில் ஊரே வந்து நின்றிருந்தது. ருடால்ஃபினா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். ஆடுகள் பத்திரம் என்று அர்த்தம்.

"வண்டி போகாது" என்றான் கபோய். "தண்ணி வடியற வரைக்கும் நீங்க இங்கதான்."

இரண்டு ராத்திரி நான்கானது. ஒத்திகை ஆறு வந்த அன்று மதியமே செத்துப்போனது. கவேசெரி சமையல் கொட்டகைக்குள் போய்க் கூழ் கிண்ட ஆரம்பித்தாள். சமையல்காரர்கள் கிண்டிய கூழ் கட்டி கட்டியாக இருந்தது. சம்பிரு ஜன்னல் திரைகளைப் பிரித்துத் தைத்தாள். மற்ற நேரமெல்லாம் கரையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க, ஆறு நின்று கரைதான் மேலே போவது போல ஆனது. முகாமும் அவர்களும் கூடாரங்களும் கிழக்கே மலைக்கு மெல்ல மிதந்து போவது போல. எங்கிருந்தோ தவளைகள் வந்தன. இரண்டு வருடம் மணலுக்குள் தூங்கியவை. நாள்முழுக்க, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வது போலக் கத்தின.

மூன்றாம் நாள் பகலில், கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தபோது, கவேசெரி சொன்னாள். பனி விழும் ஊர்க்காரியாக இல்லாமல், கவேசெரியாகவே.

"நீ போகாதே."

சம்பிரு திரும்பினாள். "ஏன்?"

கவேசெரி தண்ணீரைக் காலால் அடித்தாள்.

"கோபப்படறதுக்கு எனக்கு வேற ஆள் இல்ல" என்றாள்.

"இது ஒரு காரணமா அக்கா?"

அக்கா என்று கேட்டு நான்கு வருடம். கவேசெரி கண்ணைத் துடைத்தாள், தண்ணீர் தெறித்ததுபோல.

"பெரிய காரணம்தான். ஆடு திரும்பப் பேசமாட்டேங்குது."

"அண்ணி பிள்ளை பெறப் போறா" என்றாள் சம்பிரு. "போகாம இருக்க முடியாது. குளிர் முடியட்டும், பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம். ஆறே ரெண்டு வருஷம் கழிச்சுத்தானே வந்துது? நச்சரிக்காதீங்க."

ஐந்தாம் நாள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாவாடைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழுத்தில் கோத்துக்கொண்டு, ஒருத்தியின் தோளை ஒருத்தி பிடித்தபடி ஆற்றைக் கடந்தார்கள். நடுவில் கவேசெரியின் கால் புதைந்தது. சம்பிரு இழுத்தாள். இரண்டு பேரும் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கரையில் ஊர் கைதட்டியது.

*

ஏப்ரலில் லாரி வந்தது. கவேசெரி சாமான்களை ஏற்றிவிட்டாள், பால் கலத்தை வைக்கோலில் சுற்றிக் கொடுத்தாள், கண்டபடி திட்டினாள். லாரி போனதும் மேற்கு வீட்டு வாசலைக் கூட்டி, கதவைக் கயிற்றால் கட்டினாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் குன்றேறினாள். ஊரில் போனுக்கு அங்கேதான் சிக்னல். குழந்தை பிறந்தது, ஆண்; அண்ணிக்குப் பால் குறைவு; ஒபுவோவில் தூசி அதிகம். ஒரு ஞாயிறு சம்பிரு எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. கவேசெரி குன்றிலிருந்து இறங்கி வந்து யாருடனும் பேசாமல் அடுப்பு மூட்டினாள்.

ஆகஸ்ட் கடைசியில், குளிர்காலம் முடிந்து காற்று திசை மாறி முதல் சூடு வந்த ஒரு நடுப்பகலில், ஒரு லாரி ஊருக்குள் திரும்பியது. பின்னாலிருந்து ஒரு மெத்தை இறங்கியது, ஒரு தையல் மிஷின் இறங்கியது, கடைசியில் சம்பிரு இறங்கினாள். போனைத் தண்ணீர்ப் பானைக்குள் போட்டுவிட்டாளாம்.

கவேசெரி பட்டியிலிருந்து வெளியே வந்தாள். கையில் பால் செம்பு.

"மெலிஞ்சு போயிட்டே" என்றாள்.

"நீங்க பெருத்துட்டீங்க."

"மிஷினை எங்க வைக்கப் போறே? உன் வீட்ல எலி."

"உங்க வீட்ல?"

"எங்க வீட்லயும் எலிதான்" என்றாள் கவேசெரி. செம்பைக் கீழே வைத்துவிட்டு மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "தூக்கு. மெல்ல. இடிச்சுடாதே."